மேற்கு மலையடிவாரத்தில் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளே இதில் அதிகம். கம்பம் பள்ளத்தாக்கிலும் பொள்ளாச்சியிலும் மலையும் காற்றும் இதே மாதிரிதான் வேலை செய்கின்றன; வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். கணக்குகளில் உங்கள் வயல், குளம், கூரை அளவைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் உள்ள ஆரியங்காவில் கொட்டுகிற மழை, செங்கோட்டைக்கு வருவதற்குள் சாரலாகிவிடுவது ஏன்?

காற்று மேலே ஏறினால் குளிரும், கீழே இறங்கினால் சூடாகும். எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கேரளக் கரையில் 28 டிகிரியில் இருக்கும் ஈரக்காற்று மலையில் மோதி ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மேகம் கட்டாதவரை 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி குளிரும். 500 மீட்டர் உயரத்தில் 23 டிகிரிக்கு வந்ததும் நீராவி துளியாக மாறத் தொடங்கும். தண்ணீர் ஆவியாகும்போது வாங்கிக்கொண்ட வெப்பத்தைத் துளியாகும்போது திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் மேகத்துக்குள் 100 மீட்டருக்கு அரை டிகிரிதான் குளிரும். 1,500 மீட்டர் முகட்டைத் தாண்டும்போது 18 டிகிரி. ஈரத்தில் கணிசமான பங்கு அதற்குள் மேற்குச் சரிவிலேயே மழையாக இறங்கியிருக்கும். பிறகு கிழக்கே இறங்கும் காற்றில் மேகம் கலைந்து, மறுபடி 100 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் சூடேறும். தென்காசி மட்டத்துக்கு வரும்போது 31 டிகிரி. புறப்பட்டபோது இருந்ததைவிடச் சூடும் அதிகம், ஈரமும் குறைவு. இதைத்தான் மழைமறைவு என்கிறோம்.

செங்கோட்டை இதில் பாதி விதிவிலக்கு. ஆரியங்காவு கணவாய் தாழ்வானது. மேகம் முகடு ஏறாமல் அந்த வாசல் வழியாகவே வந்துவிடும். வரும் மேகத்தில் பெரிய துளிகள் மேற்கேயே விழுந்து தீர்ந்திருக்கும்; மிஞ்சுவது அரை மில்லிமீட்டருக்கும் சிறிய துளிகள். அவை வினாடிக்கு 1 முதல் 2 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். 500 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர நாலு முதல் எட்டு நிமிடம் பிடிக்கும். அதற்குள் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கும் மேல்காற்று அவற்றை இரண்டரை முதல் ஐந்து கிலோமீட்டர் வரை கிழக்கே தள்ளிவிடும். தலைக்கு மேல் வெயில் தெரியும்போதே முகத்தில் சாரல் படுவது இதனால்தான்.

பாலக்காட்டுக் கணவாய் இதைவிடப் பல மடங்கு அகலம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு வேகமான காற்று அங்கிருந்து வருகிறது.

மேகம் இருந்தும் மழை விழாமல் போவது எப்படி?

மேகத்துளியின் குறுக்களவு சுமார் 0.02 மி.மீ. நல்ல மழைத்துளி 2 மி.மீ. ஒன்று உருவாகப் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். மேகம் தடிமனாக இருந்து, துளிகள் மோதிச் சேர நேரமும் கிடைத்தால்தான் அது நடக்கும். ஆடி மாதத்தில் நம் தலைக்கு மேல் ஓடும் மேகங்கள் பெரும்பாலும் மெல்லியவை, இறங்கு காற்றில் கரைந்துகொண்டிருப்பவை. அவை மழை தராமல் போவது இயல்புதான்.

சாரல் சீசன் நன்றாக இருந்தால் கிணறு ஊறுமா?

நேரடியாக ஊறாது. ஒரு நாள் சாரல் 3 மி.மீ. என்றால், இலையும் புல்லும் தாங்கிக்கொள்வதே 1 முதல் 2 மி.மீ. வரை. மிச்சம் மேல்மண்ணை நனைத்து, மறுநாள் காற்றில் போய்விடும். வானிலைத் துறை 2.5 மி.மீட்டருக்குக் குறைவாகப் பெய்த நாளை மழைநாள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மறைமுகமான பலன் உண்டு. வெப்பம் தணிவதால் பயிர் குடிக்கும் தண்ணீர் குறையும், மோட்டார் ஓடும் நேரம் குறையும். அதோடு மேலே முகட்டுக் காட்டில் அதே நாளில் பெய்வது சாரல் அல்ல, மழை. அதுதான் குற்றாலத்தில் விழுந்து சிற்றாறாக ஓடுகிறது. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனா அணைகளையும் நிரப்புகிறது. கார் பருவ நெல் சாகுபடி நிற்பது இந்தத் தண்ணீரில். கிணற்றுக்கும் மானாவாரிக் குளத்துக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் மழைதான் கை கொடுக்கும். அடுத்த பருவமான பிசான நெல் அதை நம்பித்தான் நடவாகிறது.

100 மி.மீ. மழை பெய்தும் கிணற்றில் ஒரு முழம்கூட ஏறவில்லையே?

முதலில் அளவைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு ஏக்கரில் அது 4,047 லிட்டர். 100 மி.மீ. பெய்தால் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர்.

இது மூன்றாகப் பிரியும். ஒரு பங்கு ஓடிவிடும். பெரிய பங்கு மண்ணில் தங்கி, பயிர் வழியாகவும் வெயிலிலும் ஆவியாகும். மிச்சம்தான் கீழே இறங்கும். நம் பகுதியில் அடியில் இருப்பது கருங்கல் இனப் பாறை. இப்படிப்பட்ட நிலத்தில் நிலத்தடிக்குச் சேர்வது மழையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். அதாவது 10 மி.மீ.

அந்த 10 மி.மீ. கிணற்றில் எவ்வளவு உயர்த்தும் என்பது பாறையின் இடைவெளியைப் பொறுத்தது. சரளைக்குக் கீழே இருக்கும் சிதைந்த பாறையில், எடுக்கக்கூடிய தண்ணீர் இருக்கும் இடைவெளி நூற்றில் 1 முதல் 3 பங்குதான். 2 பங்கு என்று வைத்தால், 10 மி.மீ. தண்ணீர் நீர்மட்டத்தை அரை மீட்டர் உயர்த்தும். பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்துக்கு அடியில் ஒரு மீட்டர் தடிமன் பாறையில் இருக்கும் தண்ணீர் வெறும் 81,000 லிட்டர். வினாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் மோட்டார் அதை நாலரை மணி நேரத்தில் தீர்த்துவிடும். "கீழே ஆறு ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். பாறைக்கு அடியில் ஆறு ஓடவில்லை. வெடிப்புகளில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. 800 அடி, 1,000 அடி போர் போட்டால் புதிய தண்ணீர் பிறப்பதில்லை. ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். பல நேரம் கிடைப்பது மேலே பக்கத்துக் கிணறுகளுக்கு ஊறிக்கொண்டிருந்த தண்ணீர்தான்.

மேற்கே கேரளாவில் பெய்கிற மழை மலைக்கு அடி வழியாக நமக்குக் கசிந்து வருமா?

வராது. மலை முகடுதான் எல்லை. முகட்டுக்கு மேற்கே விழுந்த துளி அரபிக்கடலுக்கு, கிழக்கே விழுந்தது வங்கக்கடலுக்கு. நிலத்தடி நீரும் பெரும்பாலும் மேல்தரையின் சரிவையே பின்பற்றும். அவ்வளவு தடிமனான பாறையைக் கடந்து வர வழியில்லை.

அப்படி வருவதெல்லாம் மனிதர் திருப்பிவிட்டது. 1895-ல் முடிந்த பெரியாறு அணை, மேற்கே ஓடும் ஆற்றை நிறுத்தி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் வைகைக்கும் அனுப்புகிறது. அங்கே 104 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரைச் சுரங்கம் வழியாக எடுக்க முடியாது. அதனால் நீர்மட்டச் செய்தியைப் படிக்கும்போது 104-லிருந்து எண்ண வேண்டும். 120 அடி என்றால் நமக்கு 16 அடி. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டமும் இதே வகைதான். மேற்கே போகும் ஆறுகளைச் சுரங்கங்களால் இணைத்துக் கிழக்கே கொண்டுவருகிறது.

செய்தியில் வரும் அளவுகளுக்கு: வினாடிக்கு 1 கன அடி என்பது 28.3 லிட்டர், ஒரு நாள் முழுக்க ஓடினால் 24.5 லட்சம் லிட்டர். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி.

மழை நின்று பல நாளாகியும் அருவி விழுகிறது. மழையே தெரியாதபோது திடீரென்று வெள்ளம் வருகிறது. இரண்டும் எப்படி?

முதலாவது மண்ணின் வேலை. சோலைக்காட்டின் தரையில் மக்கிய இலையும் வேரும் புழுத்துளைகளும் நிறைந்திருக்கும். மழை அதில் இறங்கி, மண்ணுக்கும் பாறைக்கும் இடையே மெதுவாக நடந்து, ஓடைக் கரையில் கசியும். மழை நின்ற பிறகு அருவியில் விழுவது முழுக்க இந்தக் கசிவுதான்.

இரண்டாவது சரிவின் வேலை. மண் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது இன்னொரு கனமழை விழுந்தால் உள்ளே இறங்க இடமில்லை; மொத்தமும் பாறை மேல் ஓடிவரும். நீர்ப்பிடிப்பு சிறியது, சரிவு செங்குத்து. முகட்டில் பெய்தது சிறிது நேரத்திலேயே அருவிக்கு வந்து சேரும். கீழே குளிப்பவருக்கு வானம் தெளிவாகவே இருக்கும். தண்ணீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் சேர்ந்து வருவது, இரைச்சல் கனப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே வெளியேறுங்கள். ஓடை ஓடும் திசையில் ஓடக்கூடாது. பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். செருப்பு, பை எடுக்க நிற்க வேண்டாம்.

காடு இருந்தால் மழை கூடும் என்பது உண்மையா?

பாதி உண்மை. உலகில் ஆவியாகும் தண்ணீரில் நூற்றில் சுமார் 85 பங்கு கடலிலிருந்து போவது. தென்மேற்குப் பருவக்காற்று அதைத்தான் சுமந்து வருகிறது. நாலு மரம் நட்டதால் அது கூடுதலாக வராது. பெரிய காட்டுப்பரப்பு ஆவியை மறுபடி காற்றுக்குக் கொடுத்து உள்நாட்டு மழைக்கு உதவும். முகட்டுச் சோலைகள் தவழும் மேகத்தை இலையில் பிடித்துச் சொட்டவிடும். மழைமானியில் இது பதிவாகாது.

நமக்குக் காட்டின் பெரிய உதவி வேறு. பெய்ததை ஓடவிடாமல் பிடித்து, தை, மாசி வரை ஓடையில் கசியவிடுகிறது. எந்த மரம் என்பதும் முக்கியம். மலைப் புல்வெளியில் யூகலிப்டஸும் சீகை (வாட்டில்) மரமும் போட்ட இடங்களில் அவை புல்லைவிட அதிகம் குடித்து, கோடை ஓடையைக் குறைத்துவிடும். புல்வெளியைச் சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்து மரம் நடுவது தண்ணீருக்குச் செய்யும் கெடுதல்.

மடையைத் திறக்காமலே குளம் வற்றுகிறது. காற்றில் போகிறதா, கசிந்து போகிறதா?

இரண்டும்தான். எது எவ்வளவு என்று ஒரு டிரம்மை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

மேல்பக்கம் திறந்த, இரண்டடி அகல டிரம்மை முழங்கால் ஆழத் தண்ணீரில் நிறுத்தி, உள்ளே கல் போட்டு அசையாமல் வையுங்கள். வெளியே இருக்கும் மட்டத்துக்கே உள்ளேயும் தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாணாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அலை உள்ளே தெறித்துக் கணக்கு கெடும். மடை மூடியிருக்க வேண்டும், மழையும் வரத்தும் இருக்கக்கூடாது. டிரம்முக்குள் ஓர் அளவுகோல், வெளியே ஒரு கம்பு. மூன்று நாள் கழித்துப் பாருங்கள். டிரம்மில் இறங்கியது ஆவியானது. வெளியே அதைவிடக் கூடுதலாக இறங்கியது கசிவு. ஆடு மாடு வாய் வைக்காமல் வலை போட வேண்டும்.

காற்றடிக்கும் மாதங்களில் ஒரு நாளைக்கு 6 மி.மீ. ஆவியாவது சாதாரணம். 100 ஏக்கர் குளத்தில் அது 24 லட்சம் லிட்டர்; அதாவது வினாடிக்கு ஒரு கன அடி வீதம் இரவும் பகலும் மடை திறந்து கிடப்பதற்குச் சமம். பரந்து ஆழமில்லாமல் கிடக்கும் குளம் இதில் அதிகம் இழக்கும். வண்டலை எடுத்து ஆழப்படுத்தினால் அதே தண்ணீர் குறைந்த பரப்பில் நிற்கும். ஆனால் கரையை ஒட்டித் தோண்டினால் கரையின் கால் பலமிழந்து வழுகும்; போதிய இடம் விட்டே வெட்ட வேண்டும்.

கசிவை நஷ்டம் என்று எண்ண வேண்டாம். அதுதான் கீழே இருக்கும் கிணறுகளுக்கு ஊற்று. குளத்துக்குள் சிமெண்ட் போடும் யோசனையை ஊரில் யாராவது எடுத்தால், முதலில் ஆயக்கட்டுக் கிணற்றுக்காரர்களைக் கேளுங்கள். கரையின் வெளிப்பக்கம் கலங்கலாகத் தண்ணீர் வந்தால் மட்டும் அவசரம்: மண்ணும் சேர்ந்து போகிறது, கரை உள்ளே துளையாகிறது என்று அர்த்தம்.

மழையை வீட்டிலேயே அளக்க முடியுமா?

நேராக நிற்கும் சுவருள்ள எந்தப் பாத்திரமும் போதும். வாயும் அடியும் ஒரே அகலம் என்றால் உள்ளே நிற்கும் உயரமே மழையளவு. 20 செ.மீ. வாய் உள்ள புனலைப் பாட்டிலில் வைத்தால் துல்லியம் கூடும், ஆவியாவதும் குறையும்: 314 மி.லி. சேர்ந்தால் 10 மி.மீ. மழை. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். அதற்குக் கீழே போனால் மண்ணில் பட்ட துளி தெறித்து விழும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். மொட்டைமாடியில் காற்று துளியைத் தள்ளிவிடுவதால் குறைத்துக் காட்டும். தினமும் காலை 8.30-க்கு எடுங்கள், வானிலைத் துறை எடுப்பதும் அப்போதுதான், ஒப்பிட வசதி.

மழைத்தண்ணீர் உப்பில்லாதது. கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஏன் உப்பாகிறது?

ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே போகும், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் கடலிலிருந்து வந்தாலும் மழை இனிக்கிறது. மண்ணில் இறங்கும்போது வேரும் நுண்ணுயிரும் விட்ட கரியமிலவாயு அதில் கரைந்து லேசான அமிலமாகும். அது பாறையிலிருந்து கால்சியம், மக்னீசியம், சில இடங்களில் ஃபுளோரைடு ஆகியவற்றைக் கரைத்தெடுக்கும். எவ்வளவு காலம் பாறையில் கிடக்கிறதோ அவ்வளவு கனக்கும். மலையடிவாரக் கிணறு தித்திப்பதும், கிழக்கே போகப் போகவும் ஆழ்துளையில் இறங்க இறங்கவும் உப்புக் கூடுவதும் இதனால்தான். பாசனத் தண்ணீர் வயலில் ஆவியாகி, உப்பை விட்டு, அந்த உப்பு அடுத்த மழையில் மறுபடி கிணற்றுக்கே வருவதும் உண்டு.

குடிநீருக்கு இந்தியத் தரம், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டக்கூடாது, நைட்ரேட் 45-ஐத் தாண்டக்கூடாது. நைட்ரேட் பெரும்பாலும் உரத்திலிருந்தும் கழிவுநீர்க் குழியிலிருந்தும் வருவது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கொஞ்சம் கடினத்தன்மை படியும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது.

கூரைத் தண்ணீரைக் கிணற்றில் விடுவதற்குச் சரியான முறை எது?

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் வைத்தும் வேலை செய்யாத வீடுகளே அதிகம். காரணம் பெரும்பாலும் அடைப்புதான்.

1,000 சதுர அடி மாடியில் 50 மி.மீ. பெய்தால் சுமார் 4,600 லிட்டர். நனைவதும் தெறிப்பதும் போக நாலாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். முதல் 2 மி.மீ., அதாவது ஒரு 200 லிட்டர், தூசியும் பறவை எச்சமும் கலந்தது. அதை வெளியே விட ஒரு தனித் திருகு வையுங்கள்.

வடிகட்டும் தொட்டி ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். அடியில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை இன்ச் ஜல்லி, அதன் மேல் ஓரடிக்கு முக்கால் இன்ச் ஜல்லி, பிறகு நைலான் வலை, மேலே ஓரடிக்குக் கழுவிய பெருமணல். மேலே மீதி இடம் தண்ணீர் நிற்க. கிணற்றுக்குப் போகும் குழாய் அடி ஜல்லியிலிருந்து. ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் மணல் அதை வாங்காது. வழிந்தோடும் குழாய் இல்லாவிட்டால் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் திரும்பும். எம்-சாண்ட் தூள் போட்டால் சில மழைகளிலேயே அடைக்கும். புரட்டாசியில் மணலின் மேல் இரண்டு விரல் உயரத்தைச் சுரண்டி எடுத்துப் புதிது போடுங்கள்.

வயல் தண்ணீரையும் தெருத் தண்ணீரையும் போர்க் குழாயில் விடவே கூடாது. மருந்தும் உரமும் மண்ணைத் தொடாமல் நேராக நிலத்தடிக்குப் போய்விடும். பிறகு எடுக்க முடியாது.

ஆற்றில் தண்ணீர் வந்தும் குளம் நிறையத் தாமதமாவது ஏன்? எப்போது நிறையும் என்று கணக்கிட முடியுமா?

குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்தான் வரத்துக்கால்; காய்ந்து கிடந்தால் முதல் தண்ணீரை அதுவே குடித்துவிடும். சீமைக்கருவேலமும் குப்பையும் அடைத்திருந்தால் மிச்சமும் பக்கத்து வயலில் பாயும். மேலே உள்ள குளம் நிறைந்து மறுகால் (மிஞ்சிய தண்ணீர் வழியும் இடம்) விழுந்தால்தான் அடுத்த குளத்துக்கு முறை. ஆகவே வரத்துக்காலைப் புரட்டாசிக்குள் சுத்தம் செய்துவிட வேண்டும்.

மேல்குளத்து மறுகாலில் விழும் தண்ணீரை அளக்க எளிய வழி: மறுகால் சுவருக்குச் சற்று உள்ளே, நீர் வளையத் தொடங்கும் முன், சுவரின் தலைக்கு மேல் எத்தனை உயரம் நிற்கிறது என்று பாருங்கள். 10 மீட்டர் நீளச் சுவரில் 15 செ.மீ. நின்றால் வினாடிக்குச் சுமார் 1 கன மீட்டர், அதாவது 35 கன அடி. அந்த அளவு விடாமல் வந்தால் 100 ஏக்கர் குளத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21 செ.மீ. ஏறும்; ஒரு மீட்டர் ஏற ஐந்து நாள். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், இரண்டு மடங்கு அல்ல.

கூடுதலாகத் தேக்க மறுகாலில் மணல்மூட்டை அடுக்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. கரையின் உயரம் அந்த மறுகால் மட்டத்தைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டது. இரண்டடி மூட்டை வைத்தால், கனமழை இரவில் வெள்ளம் வெளியேற இருந்த வழியும் கரையின் தலைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த இடைவெளியும் சேர்ந்து குறைகின்றன. தண்ணீர் கரைக்கு மேல் ஏறி வழிந்தால், மண்கரை ஓரிரு மணி நேரத்தில் அறுந்துபோகும். மூட்டை வைத்திருந்தால் கொண்டல் தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.